ஹைபர்நேட் ஆகாத கணினிக்கு பவர்சிஎஃப்ஜி: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிரிக்கும்

விண்டோஸ் கணினி ஹைபர்நேட் ஆக (திறந்திருக்கும் வேலைகளை வட்டில் சேமித்துவிட்டு அணைய) மறுத்தால், காசு கேட்கும் ரிப்பேர் மென்பொருள் எதுவும் வேண்டாம். விண்டோஸோடு சேர்ந்தே வரும் பவர்சிஎஃப்ஜி (powercfg) என்ற கட்டளைக் கருவி போதும். கட்டளைகளைத் தட்டும் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்துகொள்ளுங்கள். சாதாரணமாகத் திறந்தால் பாதிக் கட்டளைகள் வேலை செய்யாது.

இதில் ஆகச் சிறந்தது 'பவர்சிஎஃப்ஜி /ஏ' (powercfg /a). கீழே வரும் மற்றக் கட்டளைகளுக்கும் முன்னால் powercfg சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினியால் எந்தெந்த உறக்க நிலைக்குப் போக முடியும், எதற்கு முடியாது, ஏன் முடியாது என்று பட்டியல் போட்டுவிடும். ஹைபர்நேட் இயக்கப்படவில்லை என்றால் '/ஹெச் ஆன்' (/h on) கொடுத்தால் சரியாகிவிடும். ஹைபர் ஃபைல் (ஹைபர்நேட் ஆகும்போது ரேமில் உள்ளதைச் சேமிக்கும் கோப்பு) வகை இடம்கொடுக்கவில்லை என்று வந்தால், யாரோ இடம் மிச்சப்படுத்த அந்த ஃபைலை 'ரெட்யூஸ்டு' ஆக்கியிருக்கிறார்கள். அதை வைத்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (அணைத்த கணினியை வேகமாகத் தொடங்கும் வசதி) மட்டும்தான் நடக்கும். '/ஹெச் /டைப் ஃபுல்' (/h /type full) கொடுங்கள். விண்டோஸ் 10-இல் ஃபைலின் அளவு, ஃபுல் என்றால் ரேமில் 40 சதவீதம், ரெட்யூஸ்டு என்றால் 20 சதவீதம். 16 ஜிபி ரேமுக்கு சி டிரைவில் சுமார் 6.4 ஜிபி காலியாக இருக்க வேண்டும்.

அந்த 40 சதவீதமும் சில நேரம் போதாது. ரேம் நிரம்ப வேலை ஓடும்போது ஹைபர்நேட் அழுத்தினால், 'இன்டர்னல் பவர் எரர்' என்று நீலத்திரை வரலாம். ஃபைலை ரேம் அளவுக்கே பெரிதாக்க '/ஹெச் /சைஸ் 100' (/h /size 100) கொடுத்துப் பாருங்கள். வட்டில் இடம் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே செய்துவைப்பது நல்லது.

/ஏ சறுக்கும் இடமும் உண்டு. ஏதோ ஓர் உள் பாகம் ஹைபர்நேட்டை முடக்கியிருக்கிறது என்று மட்டும் சொல்லி, பல சமயம் பெயரை விட்டுவிடும். முதலில் கிராபிக்ஸ் டிரைவரை (திரைக் கார்டை இயக்கும் மென்பொருளை) பாருங்கள். சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்றிருந்தால் அதுதான் காரணமாக இருக்கும். கார்டு நிறுவனத்தின் டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

'/ரிக்வெஸ்ட்ஸ்' (/requests) கட்டளை பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. கணினி தானாக உறங்குவதைத் தடுக்கும் நிரல்களை, அதாவது பாட்டு ஓடும் பிரவுசர் போன்றவற்றை, அது காட்டும். நீங்களே ஹைபர்நேட் அழுத்தியும் போகாவிட்டால், அதற்கு இதில் விடை கிடைக்காது. அதில் 'லெகசி கெர்னல் காலர்' (பெயர் சொல்லாத பழைய பாணி டிரைவர்) என்று வந்தாலோ, எந்தச் சாதனம் என்பதை நாம்தான் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஹைபர்நேட் ஆகி உடனே எழுந்துவிடுகிறதா? கடைசியாக எழுப்பியது எது என்று '/லாஸ்ட்வேக்' (/lastwake) கேளுங்கள். பெரும்பாலும் நெட்வொர்க் கார்டாக இருக்கும். டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கணினியை எழுப்பும் அனுமதியை எடுத்துவிடுங்கள். அட்டவணை போட்டு எழுப்பும் வேலைகளைப் பார்க்க '/வேக்டைமர்ஸ்' (/waketimers).

எல்லாம் சரி என்று /ஏ சொன்ன பிறகும் திரை இருண்டு, விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால், இந்தக் கருவியை மூடிவிட்டு, கணினியில் நடந்தவற்றைப் பதிவுசெய்யும் ஈவென்ட் வியூவருக்குப் போங்கள். சிஸ்டம் லாகில் கெர்னல்-பவர் 42 என்ற எண்ணுள்ள பதிவு, உறக்கத்துக்குக் கிளம்பிய நேரம். அதன்பின் 41 வந்திருந்தால், முறையாக அணையாமலே கணினி மறுபடி தொடங்கியிருக்கிறது. அப்போது பயாஸையும் (மதர்போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள்) சிப்செட், ஸ்டோரேஜ் டிரைவர்களையும் புதுப்பித்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.