மோரிஸ் மைனர் வயரிங்: ஒட்டுப்போடுவதா, வாங்கிப் பூட்டுவதா, நாமே கட்டுவதா?

மோரிஸ் மைனர் 1000 என்ற பழைய பிரிட்டிஷ் கார் ஒன்றை வீட்டு ஷெட்டில் பிரித்துச் சீர்செய்பவருக்கு வயரிங்கில் மூன்று வழிகள்: பழைய ஹார்னஸை (வண்டியின் வயர்களெல்லாம் சேர்ந்த கட்டு) பழுதுபார்ப்பது, அதே அமைப்பில் செய்து விற்கும் புதியதை வாங்குவது, வயர் வாங்கி நாமே கட்டுவது. எங்கள் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். ஆனால் அதை அப்படியே பூட்டிவிட்டு விடக் கூடாது.

பழுதுபார்ப்பு பலருக்குச் சரிவராது. நூல் உறை ஹார்னஸின் உள்ளே ரப்பர் இன்சுலேஷன் இருக்கலாம். ஹெட்லைட் பக்கத்தில் ஒரு வயரை வளைத்துப் பாருங்கள்; ரப்பர் உதிர்ந்தால் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் டேப் சுற்றினாலும் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பதும் அதே ரப்பர்தானே. பிவிசி வயராக இருந்து ஓரிரு இடம் மட்டும் கருகியிருந்தால் பழுதுபார்க்கலாம். செம்பு பளபளக்கும் இடம் வரை வெட்டிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது.

வாங்கும் ஹார்னஸில் நீளமும், மின்பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் வயர் நிறங்களும் சரியாக அமைந்துவிடும். பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை அதற்கடுத்த பியூஸைத் தாண்டியது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த் (மின்சாரம் திரும்பிச் செல்லும் பாடித் தகட்டு இணைப்பு). பின்னாளில் யார் வந்தாலும் சர்க்யூட் படத்தோடு ஒப்பிட்டுப் பழுது கண்டுபிடிக்கலாம். 1961 வாக்கில் மடங்கும் கைகாட்டி போய் இண்டிகேட்டர் விளக்கு வந்தது. எனவே வண்டியின் வருடத்தோடு இதையும் சொல்லி வாங்குங்கள்.

குறை என்னவென்றால், 1950களின் பியூஸ் ஏற்பாடும் கூடவே வருகிறது. மொத்தம் இரண்டே பியூஸ். ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் பியூஸே கிடையாது. அதிலும் ஒரு பொறி உண்டு: லூகாஸ் பியூஸில் அச்சிட்ட 35 ஆம்பியர் அது எரிந்துபோகும் அளவு, தொடர்ந்து தாங்குவது சுமார் 17தான். இன்றைய தட்டையான பிளேடு பியூஸில் அச்சிட்டிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. 35க்குப் பதில் 30 ஆம்பியர் பிளேடைச் செருகினால் பியூஸுக்கு முன்னால் வயர் உருகும். 15 அல்லது 20 போடுங்கள்.

ஹெட்லைட்டுக்கு லோ பீம், ஹை பீம் இரண்டுக்கும் தனித்தனி ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்), தலா 15 ஆம்பியர் பியூஸ். ஸ்டார்ட்டர் மோட்டாரின் சுவிட்சான சோலனாய்டில் பேட்டரி கேபிள் சேரும் முனையிலிருந்து 2 சதுர மி.மீ. மெல்லுறை வயரில் மின்சாரம் எடுங்கள்; பழைய நீல வயர்கள் ரிலேயை இயக்க மட்டும். 60/55 வாட் பல்பு ஜோடி ஹை பீமில் 10 ஆம்பியர் குடிக்கும். வண்டியில் மின்சாரம் உண்டாக்கும் லூகாஸ் சி40 டைனமோவின் உச்சமே 22 ஆம்பியர்தான், ஐடிலிங்கில் அதுவும் கிடைக்காது. இரவில் ஓட்டுகிறவருக்கு டைனமோவுக்குப் பதில் அதைவிடக் கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் தேவை.

ஆல்டர்னேட்டர், எலெக்ட்ரிக் ஃபேன், தனி பியூஸ் பெட்டி எல்லாம் சேர்ந்தால்தான் நாமே கட்டுவது நியாயம். பழைய ஹார்னஸைப் பலகையில் விரித்து, ஒவ்வொரு கிளை பிரியும் இடத்திலும் ஆணி அடித்து, முனைகளில் 10 செ.மீ. கூடுதலாக விடுங்கள். பல்புகளுக்கு 1 சதுர மி.மீ., 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டரின் பழுப்பு வயருக்கு 6. சார்ஜிங் எச்சரிக்கை பல்பு 2.2 வாட்டாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்காமல் போகலாம். பழைய மைனர்கள் பாசிட்டிவ் எர்த் வண்டிகள், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். ஆல்டர்னேட்டர் பூட்டுமுன் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி, இக்னிஷன் காயில் வயர்களையும் இடம் மாற்றுங்கள். முனைகளை ராட்செட் கிரிம்பரால் (வயர் முனையை அழுத்தி இறுக்கும் கருவி) நசுக்குவதே நல்லது. ஈயம் வைத்து ஒட்டினால், அது முடியும் இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் ஒடிகிறது. மேலே பசை இல்லாத பிவிசி டேப் சுற்றுங்கள். வெயிலில் பசை வழிந்தால் பிறகு தொடவே முடியாது. சிவப்பு, கறுப்பு வயர்கள் மட்டும் வாங்கி மிச்சம் பிடிக்காதீர்கள்; லூகாஸ் நிறங்களிலேயே வாங்குங்கள்.

எந்த வழியானாலும் பெயின்ட் அடித்த வண்டியில் எர்த் முனைகளைத் தகடு தெரியச் சுரண்டுங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டை விடுபட்டால், ஸ்டார்ட்டர் மின்சாரம் சோக் கேபிள் வழியே திரும்பி அதைச் சுட்டெரிக்கும். பேட்டரி கொடுக்கும் முன் எர்த் அல்லாத முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே 21 வாட் பல்பை இணையுங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போது அது பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட். அது கண்டுபிடிக்கப்படும் வரை பேட்டரியை நேரடியாக இணைக்காதீர்கள்.