18 கருவிகள் கொண்ட ஹார்மோனிகா பழுதுபார்க்கும் பெட்டி: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

என் சி ஸ்கேல் ஹார்மோனிகாவில் ஐந்தாம் துளையை இழுத்தால் வரும் எஃப் சுரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பழுதுபார்க்கும் கருவி சரியாக இருந்தால் பத்து நிமிட வேலை. அதற்காக ஆன்லைனில் தேடியபோது கண்ணில் பட்டதுதான் அந்தப் பெட்டி. 18 கருவிகள், 'எல்லா ஹார்மோனிகாவுக்கும் பொருந்தும்' என்ற வாசகம், பளபளவென்று படம். வாங்கிவிட்டேன். விற்றவர் பெயர் வேண்டாம், இதே சரக்கு வேறு வேறு பெயர்களில் கிடைக்கிறது.

'எல்லாவற்றுக்கும்' என்ற சொல்லிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஹோனர் நிறுவனம் 1896 முதல் செய்துவரும் மரீன் பேண்ட் ஹார்மோனிகாவின் பழைய பாணி மாடலில் ரீட் பிளேட்டை, அதாவது அதிர்ந்து சுரம் தரும் ரீட் என்ற மெல்லிய பித்தளை நாக்குகள் பொருத்திய தகட்டை, ஆணி அடித்துத்தான் பொருத்தியிருப்பார்கள், அங்கே ஸ்க்ரூ டிரைவருக்கு வேலையே இல்லை. திருகு உள்ளவற்றிலும், கூட்டல் குறி போலத் தெரிகிற தலையில் ஃபிலிப்ஸ், போசிட்ரைவ் என்று இரண்டு வகை உண்டு. பெட்டியில் வந்தது இரண்டிலும் சரியாக உட்காரவில்லை. மேல்மூடியின் முதல் திருகிலேயே வழுக்கி, திருகின் தலை மழுங்கிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அப்புறம்தான் கூத்து. சுருதியை ஏற்ற ரீட்டின் நுனியில் துளியூண்டு சுரண்ட வேண்டும், இறக்குவதற்கு ரீட்டைத் தகட்டோடு பிடித்திருக்கும் ரிவெட் பக்கம். சுரண்டும்போது ரீட் அமுங்காமல் தாங்க, அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகுவார்கள். நான் இப்போது வைத்திருப்பது 0.05 மி.மீ. தகடு. பெட்டியில் வந்ததில் அளவே பொறிக்கவில்லை, தடவிப் பார்த்தாலே தடிமன் தெரிந்தது. அதைத் தள்ளியதும் ரீட் அடியிலிருந்தே மேலே வளைந்துகொண்டது. அரமோ சாவி ராவுவதற்கு ஏற்றது. ஒரே இழுப்பில் நுனியைத் தாண்டி ரிவெட் வரை வழுக்கி, அங்கே ரீட்டின் குறுக்கே ஆழமாக ஒரு கீறல். நீளவாக்கில்தான் சுரண்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அந்த அரத்துக்குத் தெரியவில்லை. குறுக்குக் கீறல் விழுந்த இடத்தில்தான் பித்தளை அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விடும். போதாக்குறைக்கு, ராவிய பிசிர் ரீட்டுக்கும் அதன் சந்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. மாட்டி இழுத்துப் பார்த்தால் எஃப் வரவில்லை, வண்டு ரீங்காரம் வந்தது. பிசிரை எடுத்த பிறகும் இரண்டு வாரம்தான் தாங்கியது. ரீட் கீறலிலேயே விரிந்து ஊமையாகிவிட்டது.

விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன். 'பெட்டியைப் பிரித்தால் திருப்பி எடுப்பதில்லை' என்று பதில். சரி, அந்தத் தகட்டின் தடிமன் எவ்வளவு, அதையாவது சொல்லுங்கள் என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் 'உயர்தர எஃகு' என்றே பதில் வந்தது.

என் பங்குக்கும் தவறு உண்டு. உடைந்த பழைய ஹார்மோனிகா ஒன்று அலமாரியில் கிடக்கிறது, முதலில் அதில் கைவைத்துப் பார்த்திருக்கலாம்.

இப்போது என்னிடம் இருப்பவை நாலே சாமான்கள். திருகில் வைத்து ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து வாங்கிய சின்ன ஸ்க்ரூ டிரைவர். மெக்கானிக்குகள் இடைவெளி அளக்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜிலிருந்து கழற்றிய 0.05 தகடு, பிசிரைத் தள்ளி எடுக்கவும் இதுவேதான். ரீட்டின் இடைவெளியைச் சரிசெய்ய ஒரு மரப் பல்குச்சி. சுரண்டுவதற்குக் கூரான கைவினைக் கத்தி. சுருதி காட்டும் ட்யூனர் போனிலேயே இருக்கிறது. நீங்கள் தனித்தனியாக வாங்கினாலும் சரி, செட்டாக வாங்கினாலும் சரி, தகட்டின் தடிமனையும் ஸ்க்ரூ டிரைவர் முனையின் வகையையும் எழுத்தில் கேளுங்கள். 'உயர்தரம்' என்று பதில் வந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

நேற்று எட்டிப் பார்த்தேன். அதே பெட்டி இப்போது 24 கருவிகளோடு விற்பனைக்கு வந்திருக்கிறது. கூடுதலாகச் சேர்ந்த ஆறும் துடைக்கிற துணி.