குளோரக்ஸா, எலுமிச்சையா, வெயிலா?

துணியில் கறை பட்டுவிட்டால் தோட்டப்புற வீடுகளில் முதலில் கை போவது குளியலறை மூலையில் நிற்கும் குளோரக்ஸ் என்ற குளோரின் வெளுப்பான் பாட்டிலுக்குத்தான். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தையும் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) இதற்கு விலக்கல்ல. விலை மலிவு, ஊற்றினால் வெளுக்கும். போதாக்குறைக்கு, மூக்கைத் துளைக்கும் அந்த வாடையே வேலை முடிந்துவிட்ட திருப்தியைக் கொடுத்துவிடும். ஆனால் இந்த வட்டாரத்தில் துணியில் ஏறும் கறைகள் எவை? செம்பனை எண்ணெய், ரப்பர் பால், செம்மண், மஞ்சள், இரும்புத் துரு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்த பாட்டில் தோதான மருந்தல்ல. சிலவற்றில் அதுவே வினை.

செம்பனையிலிருந்தே தொடங்கலாம். இந்நாட்டில் வணிகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917-ல், இங்கே பக்கத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். குலை ஏற்றுபவரின் சட்டைக் கையில் படியும் அந்த ஆரஞ்சு நிறம் கரோட்டின். கேரட்டுக்கு நிறம் தருவதும் அதுதான். குளோரக்ஸ் நிறத்தைத்தான் அடிக்கும், எண்ணெயை எடுக்காது. நூலுக்குள் தங்கிவிட்ட எண்ணெயில் தூசி ஒட்டி, ஆரஞ்சு போன இடத்தில் சாம்பல் திட்டு வரும். வேலைச் சட்டை நிறத்துணி என்றால் கூடவே வெள்ளைப் பொட்டுகளும் விழும். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் கறைமேல் தேய்த்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். மிச்சம் இருக்கும் நிறத்தை வெயிலிடம் விட்டுவிடலாம். கரோட்டின் வெளிச்சத்தில் சிதைந்துபோகும்.

ரப்பர் பாலில் அடி வாங்குவது எலுமிச்சைக் கட்சி. பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவது தோட்டத்தில் வேலை செய்த எவருக்கும் தெரியும். அப்படியிருக்க, சட்டையில் பட்ட பச்சைப் பால்மேல் எலுமிச்சையையோ வினிகரையோ பிழிந்தால் வேறு என்ன நடக்கும்? நூலோடு நூலாக உறைந்து உட்கார்ந்துகொள்ளும். வெந்நீரும் ஆகாது. பால் ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த நீரும் கட்டிச் சவுக்காரமும் போதும். காய்ந்துவிட்டதா, தண்ணீரே காட்டாதீர்கள். முழுவதும் காயவிட்டு, கோப்பையிலிருந்து ஒட்டுப்பாலை இழுப்பதைப்போல ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தெடுங்கள். உரியாமல் நிற்கும் படலத்தைப் பஞ்சில் தொட்ட மண்ணெண்ணெய் இளக்கும். அதை வீட்டுக்கு வெளியே, அடுப்புக்கு எட்டாத இடத்தில் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் வாடை போகும்வரை கையால் கழுவாமல் துணியைச் சலவை இயந்திரத்தில் போடக் கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது. குளோரக்ஸுக்கு இங்கே வேலையே இல்லை, ரப்பரை அது கரைக்காது.

கோயில் திருவிழாவில் சாம்பார் சிந்திய வேட்டிக்குச் சவுக்காரம் போட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறும். பலர் பதறிப்போவது அப்போதுதான். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பது எதனாலோ, அதனால்தான் இதுவும்: காரம் பட்டால் மஞ்சளின் நிறம் மாறும். நன்றாக அலசினால் மஞ்சள் திரும்பிவிடும். அதன் பிறகு ஈரத்தோடு கொடியில் போடுங்கள். இந்தக் கறைக்கு வெயிலைப்போல ஒரு வெளுப்பான் கிடையாது, காசும் இல்லை. வெள்ளைப் பருத்தியில் குளோரக்ஸும் மஞ்சளை எடுத்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் பட்டு வேட்டியில் அது பட்டால் வேட்டியே போய்விடும்.

செம்மண்ணுக்கு அவசரம் கூடாது. காயவிட்டு, தட்டி, பிரஷ் போட்ட பிறகே தண்ணீர். அதற்குப் பிறகும் நிற்கும் சிவப்பு இரும்பு ஆக்சைடு. வெளுப்பானுக்கு அது மசியாது. துருவும் அதே இனம்தான். துருமேல் குளோரக்ஸ் ஊற்றுவது கறையை இன்னும் கெட்டிப்படுத்தும் வேலை. எலுமிச்சை ஜெயிக்கும் இடம் இது: சாறும் உப்பும் தடவி, வெயிலில் வைத்து, காய்வதற்குள் அலசிவிட வேண்டும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி இருக்கவே இருக்கிறது. பளிங்குத் தரையில் மட்டும் இந்தப் புளிப்பு எதையும் சிந்தாதீர்கள், அரித்துவிடும்.

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் ஒருவகை உப்புத் தண்ணீர்தான். தனித்தனியே போட்டால் இரண்டும் உழைக்கும்.

குளோரக்ஸுக்கு உரிய இடம் குளியலறை. ஓடுகளின் இடுக்கில் படரும் கறுப்புப் பூஞ்சைக்கு அதுவே சிறந்தது. முதலில் அழுக்கைச் சவுக்காரத்தால் தேய்த்துக் கழுவி, பிறகு தண்ணீர் கலந்த குளோரக்ஸைத் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும். வினிகர், எலுமிச்சை, அமிலம் கலந்த கழிவறைத் திரவம் எதுவும் கிட்டே வரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அமோனியாவோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். சின்னக் குளியலறையில் இது விளையாட்டல்ல.

வெயிலை இவ்வளவு புகழ்ந்தாலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் தோறும் மழை கொட்டும் ஊரில் அதை நம்பிக் காத்திருக்க முடியாது. அப்போது கைகொடுப்பது ஆக்சிஜன் வெளுப்புத் தூள். இந்நாட்டுப் பள்ளிகளில் வெள்ளைக் காலணி போய்க் கறுப்புக் காலணி வந்துவிட்டது. பள்ளிச் சட்டை இன்னும் வெள்ளைதான், கழுத்துப்பட்டையில் வேர்வை மஞ்சளும் மாறவில்லை. வேர்வைக் கறையைக் குளோரக்ஸ் மேலும் மஞ்சளாக்கும். இந்தத் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைத்தால் சட்டை தெளியும். பச்சைத் தண்ணீரில் அது மந்தம். பட்டும் கம்பளியும் இதற்கும் ஆகாது. கரைத்த நீர் மிஞ்சினால் மூடிய பாட்டிலில் சேர்த்துவைக்காமல் கொட்டிவிடுங்கள். உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம்.