210 பழைய சயன்ஸ் ஃபிக்ஷன் படம், 2 டெராபைட் டிஸ்க்: காசு கொடுக்க முதல் கடைசிப் படத்தைத் திறந்து பாருங்கள்

மட்டக்களப்பு டவுனிலும் கல்முனைப் பக்கமும் ஒரு கறுப்பு எக்ஸ்டேர்னல் டிஸ்க் கைமாறிக்கொண்டிருக்கிறது. "பழைய சயன்ஸ் ஃபிக்ஷன் 210 படம், எல்லாம் 4கே, தமிழ் சப்டைட்டில் இருக்கு, 2 டெராபைட்" என்று சொல்லி 8,500 ரூபாய் எடுக்கிறார்கள். எங்கள் படக்கூட்டத்தில் மூன்று பேர் வாங்கினார்கள். மூன்றும் ஒரே லட்சணம். விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. இதே சாமான் நாளைக்கு வேறொரு கையால் வரும், ஆகவே சாமானை அடையாளம் தெரிந்து வைத்திருங்கள்.

கடையில் செருகிக் காட்டும்போது ஒரு குறையும் தெரியாது. "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" (1968) அழகாக ஓடும். அதன் கதையில் பங்கெடுத்த ஆர்தர் சி. கிளார்க் இந்த நாட்டிலேயே வாழ்ந்து முடித்தவர், அதனால் நம் ஆட்கள் முதலில் கேட்பதும் அந்தப் படத்தைத்தான். விற்பவருக்கும் அது வசதி. பெயர் இலக்கத்தில் தொடங்குவதால் பட்டியலின் உச்சியில் நிற்கிறது, பெயர்வரிசைப்படி கொப்பி பண்ணும்போது முதலில் ஏறுவதும் அதுதான். மூன்று டிஸ்க்கிலும் ஆங்கில D எழுத்து வரைக்கும் (பெயருக்கு முன்னால் வரும் 'தி'யைக் கணக்கெடுக்காமல்) 29 படம் திறந்தது. அதற்குக் கீழே "ஃபொர்பிடன் பிளானட்" (1956) தொடக்கம் "தி வோர் ஒஃப் த வேர்ல்ட்ஸ்" (1953) வரை பெயர் இருக்கிறது, அளவு 2 ஜீபி என்று காட்டுகிறது, அழுத்தினால் கறுப்புத் திரை. கேட்கப் போனால், "உங்கட டீவி பழசு, அதான் எடுக்குதில்ல" என்று பதில்.

ஒன்றைக் கழற்றிப் பார்த்தோம். ஸ்க்ரூ கிடையாது, நகத்தால் நெம்பினாலே மூடி வந்துவிட்டது. உள்ளே ஒரு சின்ன கார்ட் ரீடர் போர்ட், அதில் விரல் நகம் அளவு 64 ஜீபி மெமரி கார்ட், மேலே சூட்டுப் பசை. பக்கத்தில் ஒரு இரும்புத் தகடு, கையில் எடுத்தால் கனம் தெரிவதற்காக. போர்டில் இருக்கும் மென்பொருள் கம்பியூட்டரிடம் "நான் 2 டெராபைட்" என்று பொய் சொல்கிறது. 64 ஜீபி நிரம்பிய பிறகு வருவதையெல்லாம் வாங்கிக்கொள்வதுபோல் பாவனை செய்து விட்டுவிடுகிறது. பெயர்ப் பட்டியல் டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதப்படுவதால் பெயர்கள் மட்டும் தப்பிக்கின்றன. (உண்மையான 2 டெராபைட் டிஸ்க்கை விண்டோஸ் 1.81 என்று காட்டும். அது கணக்குப் போடும் முறை, அதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம்.)

கடையில் நின்றபடியே பார்க்கச் சுலபமான வழி இது: பட்டியலின் கடைசிக்குப் போங்கள், கடைசி மூன்று படத்தையும் திறந்து, ஒவ்வொன்றையும் நடுப்பகுதிக்கு இழுத்து ஓட்டுங்கள். வீட்டில் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள் போதும். வெற்று இடம் முழுவதையும் எழுதித் திரும்ப வாசித்துப் பார்க்கும். 2 டெராபைட்டுக்கு ஒரு நாளுக்குக் கிட்டவும் எடுக்கலாம், ஆனால் போலியில் எழுதும்போது இருப்பதும் அழியக்கூடும். ஓடுகிற படங்களை முதலில் வேறிடத்துக்கு எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சரி, அந்த 29 படமாவது 4கேயா, அதாவது உயரத்தில் 2160 வரி உள்ள படமா? 2001ஐ எடுங்கள். முழு நீளம் 149 நிமிடம். டிஸ்க்கில் இருப்பது 143. காட்சி எதுவும் வெட்டப்படவில்லை, வேகம்தான் கூடியிருக்கிறது. வினாடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தை 25 பிரேமில் ஓட்டினால் சரியாக 143 வரும். பழைய பால் (PAL) முறை டிவிடியும் தொலைக்காட்சியும் அப்படித்தான் ஓட்டின. ஆக, இது 576 வரி டிவிடியை 2160 வரிக்கு இழுத்த கொப்பி. கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் அகலம் 3840 என்றே வரும், அதை நம்பவேண்டாம், இழுத்தாலும் அந்த இலக்கம்தான் வரும். 2 ஜீபியை 143 நிமிடத்துக்குப் பிரித்தால் வினாடிக்கு 2 மெகாபிட்கூட இல்லை. எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் சுருக்கினாலும் 4கேக்கு அது காணாது. கண்ணுக்கும் தெரியும்: படச்சுருளின் மணல் தன்மையைத் துடைக்கப்போய் முகங்கள் மெழுகாகிவிட்டன, விண்வெளிக் காட்சிகளில் சிறிய நட்சத்திரங்களையும் தூசி என்று நினைத்துத் துடைத்திருக்கிறார்கள். காதுக்கு, படத்தில் பேசும் ஹால் கம்பியூட்டரின் அந்த நிதானமான குரல் கொஞ்சம் கீச்சென்று கேட்கிறது. 2018இல் மூல நெகட்டிவிலிருந்து செய்த உண்மையான 4கே பதிப்பைப் பார்த்தவருக்கு இது அரை நிமிடத்தில் பிடிபடும்.

சப்டைட்டில் பிந்துவதும் இதே கோளாறால்தான். 149 நிமிடப் பதிப்புக்கு எழுதியதை 143 நிமிடப் படத்தோடு வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் பொருந்தும், ஒரு மணித்தியாலத்தில் இரண்டரை நிமிடம் பின்தங்கும். சப்டைட்டில் எடிட் மென்பொருளில் பிரேம் வேகத்தை 23.976இலிருந்து (24 பிரேம் படத்துக்கு டிஜிட்டலில் வரும் இலக்கம்) 25க்கு மாற்றினால் சரிவரும். வெறுமனே முன்தள்ளினால் ஒரு இடத்தில்தான் பொருந்தும்.

"தி டே தி ஏர்த் ஸ்டூட் ஸ்டில்" (1951) இன்னும் பாவம். கறுப்பு வெள்ளைக்கு நிறம் பூசி, சதுரத்துக்குக் கிட்டிய படத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். உயரத்தில் கால்வாசி போய்விட்டது. கோர்ட் (Gort) என்ற ரோபோ நிமிர்ந்து நிற்கும்போது தலை திரைக்கு வெளியே.

வேறு யாரிடம் வாங்கினாலும் பதிப்பைக் கேளுங்கள். "மெட்ரோபோலிஸ்" (1927) என்றால் 2010இல் வந்த, இரண்டரை மணித்தியாலத்துக்குக் கிட்டிய பதிப்பு வேண்டும். 80 சொச்சம் நிமிடத்தில் பொப் பாட்டோடு வந்தால் அது 1984 பதிப்பு. "கொட்ஸில்லா" 96 நிமிடம் என்றால் 1954 ஜப்பானிய மூலம், 80 என்றால் அமெரிக்க நடிகரைச் செருகி 1956இல் வெளியிட்டது.

வாங்கியவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம், படங்கள் களவுக் கொப்பி என்பது. விற்பவர் நம்பியிருப்பதும் அதைத்தான். ஆனால் 64 ஜீபியை 2 டெராபைட் என்று விற்றது தனிக் குற்றம். பில்லில் "படம்" என்று எழுத விடாமல் டிஸ்க்கின் கொள்ளளவை எழுதி வாங்குங்கள். டெஸ்ட் முடிவைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு அழையுங்கள். இலக்கம் 1977, முதல் ஸ்டார் வார்ஸ் வந்த ஆண்டு.