எக்ஸ்கொம் 2: தவறிய குறியும் அதற்கு முந்திய கணக்கும்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சித்தப்பாவின் மகன், எக்ஸ்கொம் 2 என்ற கணினி விளையாட்டில் தான் பல நாள்களாக வளர்த்தெடுத்த வீராங்கனையை எதிரியின் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். குண்டு படும் வாய்ப்பு 95 வீதம் என்று திரை காட்டியது. சுட்டான், படவில்லை. எதிரியின் முறை வந்தபோது அந்த வீராங்கனை இறந்துபோனாள். “அண்ணா, தொண்ணூற்றைஞ்சு வீதம் எண்டு காட்டிப்போட்டு எப்பிடிப் படாமல் போகும்? இது கள்ள கேம்,” என்று சொல்லி மடிக்கணினியை மூடிவிட்டான். அன்று அவனுக்குச் சொன்ன பதிலை விரித்தெழுதினால் அதுவே எக்ஸ்கொம் 2 பற்றிய என் விமர்சனமாகிவிடும். உத்தி சார்ந்த விளையாட்டுகள் ஏன் சிலரை ஆண்டுக்கணக்கில் கட்டிவைத்திருக்கின்றன என்பதற்கான விடையும் அவனுடைய அந்த முறைப்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் பொருளைப் பற்றிச் சில வார்த்தைகள். ஃபைரக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கிய இவ்விளையாட்டு 2016 பெப்ரவரியில் கணினிக்கு வெளிவந்தது. இதன் வேர், ஜூலியன் கொலப் வடிவமைத்து 1994 இல் வந்த பழைய விளையாட்டில் இருக்கிறது. அதை ஜேக் சொலமனின் தலைமையில் ஃபைரக்ஸிஸ் 2012 இல் புதிதாக ஆக்கியது. வேற்றுக்கிரகவாசிகளிடமிருந்து பூமியைக் காப்பதே 2012 ஆம் ஆண்டு விளையாட்டின் நோக்கம். எக்ஸ்கொம் 2 இன் கதையோ, அந்தப் போரில் மனிதர்கள் தோற்று 20 ஆண்டுகள் கடந்தபின் தொடங்குகிறது. பல இலட்சம் பேர் வென்று முடித்த விளையாட்டின் தொடர்ச்சியை, “நீங்கள் தோற்றுவிட்டீர்கள்” என்ற இடத்திலிருந்து ஆரம்பிப்பதற்குத் துணிவு வேண்டும். எதிரியிடமிருந்து பறித்த கப்பல் ஒன்றைத் தளமாக வைத்துக்கொண்டு, நான்கு முதல் ஆறு பேரை அனுப்பி, அடித்துவிட்டு ஓடும் மறைமுகப் போரை நடத்துவதே இங்கு நம்முடைய வேலை.

களத்தின் விதிகளை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். இரு தரப்பும் மாறிமாறி ஆடவேண்டும்; நம்முடைய ஒவ்வொரு முறையிலும் ஒரு வீரருக்கு இரண்டு செயல்கள் உண்டு. நகர்ந்துவிட்டுச் சுடலாம், ஆனால் பெரும்பாலும் சுட்டபின் நகர முடியாது. புதிய சிப்பாயின் குறித்திறன் 65. எதிரி இடுப்பளவு மறைவில் நின்றால் அதிலிருந்து 20 கழியும்; ஆளுயர மறைவில் நின்றால் 40 கழியும். ஆகவே சுவரோடு ஒட்டி நிற்கும் எதிரியைப் புதியவர் ஒருவர் தூரத்திலிருந்து சுட்டால், படும் வாய்ப்பு நூற்றுக்கு 25 மட்டுமே. பக்கவாட்டுக்குச் சென்றுவிட்டால் அந்த மறைவு செல்லாது. கைக்குண்டோ தவறுவதே இல்லை; சுவரையும் சேர்த்துத் தகர்த்துவிடும். ஆனால் குண்டில் செத்த எதிரியிடமிருந்து கிடைக்கவேண்டிய உதிரிப்பொருள்கள் அதோடு அழிந்துபோகும். இப்போது பிழைத்துக்கொள்வதா, பிற்பாடு துப்பாக்கியை மேம்படுத்துவதற்கான பொருளைக் காப்பதா என்ற கேள்வி ஏறத்தாழ ஒவ்வொரு மோதலிலும் எழும். என்னை இவ்விளையாட்டில் முதலில் பிடித்து நிறுத்தியது இந்தச் சிறிய கணக்குத்தான்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது புதிதாக இராது. அங்கே மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். இரு தரப்பும் சமமல்ல, ஆனால் பலகையில் எதுவும் மறைந்திருக்கவில்லை. தாயம் இதற்கு நேர்மாறானது. காய்களை எங்கே நகர்த்துவதென்று எவ்வளவு யோசித்தாலும், சோழி விழுந்தால்தான் வழி. எக்ஸ்கொம் இந்த இரண்டையும் ஒரே பலகையில் வைக்கிறது. கணக்கு உங்களுடையது, கடைசியில் சோழியை உருட்டுவது கணினி. இரண்டுக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியை எவ்வளவு குறைக்க முடியும் என்பதே திறமை. நல்ல விளையாட்டாளர் 95 வீதச் சூட்டை நம்பி நிற்பதில்லை. அது தவறினால் என்ன செய்வதென்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் சுடுவார்.

தம்பியின் வீராங்கனைக்கு நேர்ந்ததும் இதுதான். இரண்டு முறைகளுக்கு முன்னர், மற்ற எல்லோரும் தங்கள் செயல்களை முடித்துவிட்ட நிலையில், கடைசியாக மிஞ்சியிருந்த ஒருவனை அவன் இதுவரை பார்த்திராத ஒரு கட்டடத்தின் மூலைக்கு அனுப்பினான். இவ்விளையாட்டில் எதிரிகள் குழுக்களாக உலவுவார்கள். நம் ஆள் கண்ணில் பட்டவுடன், அது நம்முடைய முறையாக இருந்தாலும், சிதறி ஓடி மறைவெடுத்துக்கொள்வார்கள். கடைசி ஆளைக்கொண்டு புதிய நிலத்தைத் திறந்தால், விழித்துக்கொண்ட குழுவுக்குப் பதில் சொல்ல நம்மிடம் ஒரு செயலும் மிஞ்சியிருக்காது. இரண்டாவது குழு அப்படித்தான் எழும்பியது. அதன் பின்னர் அவன் எடுத்த ஒவ்வொரு முடிவும் அவசர முடிவாகிவிட்டது. வீராங்கனையை அந்தத் திறந்த வெளிக்குக் கொண்டுபோக வேண்டி வந்ததும் அதனால்தான். நான் இதை எடுத்துச் சொன்னபோது முதலில் மறுத்தான். பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான்.

தோல்விக்கு இப்படி ஒரு முகவரி இருப்பதுதான் இவ்வகை விளையாட்டின் உண்மையான வெகுமதி என்று நான் கருதுகிறேன். கைவேகத்தை நம்பும் சுடும் விளையாட்டுகளில் தோற்றால், இன்னும் வேகமாக இருந்திருக்கலாம் என்பதற்கு மேல் சொல்வதற்கு அதிகமில்லை. இங்கோ பின்னோக்கி நடந்து சென்று, நாம் வழிதவறிய சந்தியைக் கண்டுபிடிக்கலாம். அடுத்த தடவை அந்தச் சந்தியில் வேறு பக்கம் திரும்பலாம். வெற்றியின் சுவையும் அவ்வாறுதான் கூடுகிறது. பத்து நிமிடம் திரையை வெறித்துப் பார்த்து, யார் முதலில் சுடவேண்டும், யார் சுவரை உடைக்கவேண்டும், யார் கடைசிவரை காத்திருக்கவேண்டும் என்று வரிசைப்படுத்தி, அந்த வரிசை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறுவதைப் பார்க்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி, கடினமான கணக்கொன்றின் விடை வந்துவிடும்போது கிடைப்பதுதான்.

ஆனாலும் கள்ளம் என்ற குற்றச்சாட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விளையாட்டு உண்மையில் கள்ளம் செய்கிறது; நமக்குச் சாதகமாக. எளிதான நிலைகளில், பாதிக்கு மேல் வாய்ப்புள்ள சூடுகள் அடுத்தடுத்துத் தவறினால், அடுத்த சூட்டின் வாய்ப்பைத் திரையில் காட்டாமலேயே சற்றுக் கூட்டிவிடும்படி வடிவமைத்திருக்கிறார்கள். 85 வீதம் என்றால் அது நடந்தே தீரும் என்று மனித மனம் எடுத்துக்கொள்கிறது. எண்ணை நேர்மையாக வைத்தால் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறது. 20 சூட்டில் ஒன்று தவறும் என்பது 95 வீதத்தின் பொருள். ஒரு பணியில் நாம் 20 தடவைக்கு மேல் சுடுவது சர்வசாதாரணம்.

இனிப் பாத்திரங்கள். உத்தி விளையாட்டாக மட்டும் இருந்திருந்தால் எக்ஸ்கொம் 2 எனக்கு ஒரு நல்ல புதிராகவே இருந்திருக்கும். அதை அதற்கு மேலே கொண்டுபோவது வீரர்கள் வளர்வதும் ஒரேயடியாக இறப்பதும்தான். புதிய சிப்பாய் ஒருவர் முதல் பதவி உயர்வோடு ஒரு துறையைப் பெறுகிறார்: வாளேந்தி முன்செல்பவர், தொலைவிலிருந்து குறிவைப்பவர், குண்டெறிபவர், எதிரியின் கருவிகளுக்குள் ஊடுருவி, மருந்தும் கொடுப்பவர். பதவி உயர உயரத் திறமைகளைத் தெரிந்தெடுக்க வேண்டும். இறந்தவர் திரும்ப வருவதில்லை; கப்பலில் உள்ள மதுச்சாலைச் சுவரில் அவருடைய படம் தொங்கும். வீரர்களுக்கு நாமே பெயரும் முகமும் கொடுத்து முன்கூட்டியே சேமித்துவைக்கலாம் என்பதால், எங்கள் குடும்பம் முழுவதும் என் கணினியில் ஆயுதம் தரித்து நிற்கிறது. குண்டெறிபவர் பெரியப்பா. மாமி தொலைவிலிருந்து குறிபார்க்கிறார். அவர் தவறவிடுவது அபூர்வம், வாழ்க்கையிலும் அப்படித்தான். பெரியப்பாவைத் திறந்த வெளிக்கு அனுப்பும்போது கை ஒரு கணம் தயங்குகிறது. பெயரில்லாத சிப்பாய்க்கு அந்தத் தயக்கம் எனக்கு வந்ததில்லை.

2017 ஓகஸ்டில் வந்த “வோர் ஒஃப் த சோசன்” என்ற விரிவாக்கம் இந்தப் பக்கத்தை மேலும் செழுமையாக்கியது. கடும் பணியிலிருந்து வந்தவர் களைத்துப்போவார். களைத்தவரை மீண்டும் அனுப்பினால் களத்தில் பீதியடையலாம், நிரந்தரமான அச்சமொன்றும் பற்றிக்கொள்ளலாம். ஆகவே எப்போதும் அதே ஆறு நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு சமாளிக்க இயலாது; இரண்டாவது அணியையும் வளர்த்தாக வேண்டும். ஒன்றாகப் போரிடும் இருவருக்கிடையே பிணைப்பு உருவாகி, ஒருவர் மற்றவருக்கு மேலதிகச் செயல் ஒன்றைக் கொடுக்கவும் முடியும். வாங்குவதாயின் விரிவாக்கத்தோடு சேர்த்தே வாங்குங்கள். அது இல்லாத எக்ஸ்கொம் 2 க்கு என்னால் இனித் திரும்ப முடியாது.

சேமிப்பை மீளத் திறந்து தப்பைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி: வழமையான அமைப்பில் அதே சூட்டை அதே நிலையிலிருந்து மீண்டும் சுட்டால் அதே முடிவுதான் வரும், ஏனெனில் சோழி எப்படி விழும் என்பதும் சேமிப்போடு சேர்ந்து பதிவாகிவிடுகிறது. வேறு ஒழுங்கில் செயற்பட்டால்தான் முடிவு மாறும். அதற்கும் இடமில்லாத “அயர்ன்மேன்” முறையில் ஒரே ஒரு சேமிப்பு மட்டுமே உண்டு, அதையும் விளையாட்டே எழுதிக்கொள்ளும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாள்களில் நான் அயர்ன்மேன் முறையில் ஆடினேன். மின்வெட்டு அட்டவணையில் எங்கள் பகுதிக்குரிய ஆங்கில எழுத்தைப் பார்த்து, எத்தனை முறைகள் ஆட நேரம் இருக்கிறது என்று கணக்கிட்டதும் உத்தியில் சேர்த்திதானே. ஒரு நாள் மாமி காயப்பட்ட அதே கணத்தில் மின்சாரம் போய், மடிக்கணினியின் பழைய பற்றரியும் கைவிட்டது. இரவு திரும்பித் திறந்தபோது, இறந்துகொண்டிருந்த நிலையிலேயே காத்திருந்தார்.

குறைகளும் சிறியவை அல்ல. பல பணிகளில் இத்தனை முறைகளுக்குள் முடிக்கவேண்டும் என்ற காலக்கெடு இருக்கிறது. ஊர்ந்து ஊர்ந்து போவதைத் தடுக்கவே அதை வைத்தார்கள் என்பது புரிகிறது, ஆனால் புதியவரை அது திணறடிக்கும். விரிவாக்கத்தில் அக்கெடுவை நீட்டும் தெரிவு உண்டு. முதல் ஆட்டத்தில் வெட்கப்படாமல் அதைப் பயன்படுத்தலாம். உலக வரைபடத்தில் இருக்கும்போது அறிவிப்புமேல் அறிவிப்பாக வந்து எந்த வேலையையும் முடிக்கவிடாமல் இடைமறிப்பது எரிச்சலூட்டுகிறது. பெரிய குறை, கடினம் தலைகீழாக இருப்பதுதான்: முதல் பத்து மணித்தியாலம் மூச்சுவிட முடியாது, கடைசிப் பத்தில் நம் அணி எதிரியை நசுக்கிவிடுகிறது. கதையைப் பற்றிப் பெரிதாகச் சொல்வதற்கில்லை, இசை பொருத்தமானது.

கதைக்காகவே இவ்வகைக்குள் வருபவர் எனின், யசுமி மட்சுனோ 1997 இல் பிளேஸ்டேஷனுக்கு ஆக்கிய “ஃபைனல் ஃபன்டஸி டக்டிக்ஸ்” தான் என் பரிந்துரை. 2025 செப்டெம்பரில் அதன் புதுப்பித்த பதிப்பு வந்திருக்கிறது. பிரபு குலத்தில் பிறந்தவனும் அவ்வீட்டில் வளர்ந்த எளியவனும் ஒரே போரில் இரு வழியாகப் பிரிந்துபோவதை அதுபோல் சொன்ன விளையாட்டு அரிது. சோழியே பிடிக்காதவர்களுக்கு 2018 இல் வந்த “இன்டு த பிரீச்” இருக்கிறது. எட்டுக்கு எட்டுக் கட்டங்கள், மூன்று இயந்திரங்கள். எதிரி அடுத்து எங்கே அடிப்பான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். ஏறக்குறைய ஆடுபுலி ஆட்டம்தான்.

விலைக்கு வருவோம். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் எக்ஸ்கொம் 2 வெளிவந்தபோது முழு விலை 59.99 டொலர், டொலரை 300 ரூபா என்று வைத்தால் 18,000 ரூபாவை அண்மிக்கும். அந்த விலைக்கு ஒருபோதும் வாங்கவேண்டாம். பழைய விளையாட்டு என்பதால் ஆண்டில் பல தடவை பெரும் விலைக்கழிவு கிடைக்கிறது. விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும். கணினியில் 45 ஜிபி இடம் வேண்டும், விரிவாக்கத்தோடு அதற்கும் மேலே. ஆகவே பதிவிறக்கத்தை இரவு நேர டேட்டாவுக்கு விட்டுவிட்டுத் தூங்குவது உத்தமம். சாதாரண வன்தட்டில் ஒவ்வொரு பணியும் திறப்பதற்குள் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்துவிடலாம். எஸ்எஸ்டி எனப்படும் வேகமான சேமிப்பகம் இருந்தால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். கைபேசிப் பதிப்புகளும் உண்டு, ஐபோனுக்கு 2020 இலும் அண்ட்ரொய்டுக்கு 2021 இலும் வந்தவை. விரல் நுனிக்குக் கட்டங்கள் சற்றுச் சிறியவை என்றாலும், கொழும்பின் காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் அமர்ந்திருப்பவருக்கு முறைவழி விளையாட்டைவிட ஏற்றது வேறில்லை.

தம்பி இரண்டு நாள் கழித்து மடிக்கணினியை மறுபடியும் திறந்தான். இப்போது கடைசி ஆளை நகர்த்துமுன் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு, வரைபடத்தை ஒரு தடவை சுற்றிப் பார்க்கிறான். புதிதாக எடுத்த சிப்பாய்களில் ஒருவருக்கு என்னுடைய பெயரை வைத்திருப்பதாகச் சொன்னான். எப்படிப் போகிறது என்று நேற்றுக் கேட்டேன். “அண்ணா, நீங்க மூண்டாவது மிஷன்லயே செத்திட்டீங்க. படம் சுவரில தொங்குது,” என்றான்.