கவசம் அணிந்தால் கூடுதல் சிறையா, விற்கவே தடையா?

1997 பிப்ரவரி 28. லாஸ் ஏஞ்சல்ஸின் வடக்கு ஹாலிவுட்டில் வங்கியைக் கொள்ளையடித்த இருவர், குண்டு துளைக்காத கவசத்தால் உடம்பை மூடியிருந்தார்கள். போலீஸின் கைத்துப்பாக்கிகள் எடுபடவில்லை. சண்டை சுமார் 44 நிமிடம் நீடித்தது; கொள்ளையர் இருவரும் செத்தார்கள். இப்படிப்பட்ட ஆட்களைச் சட்டத்தால் எப்படிப் பிடிப்பது? அமெரிக்காவில் மூன்று வழிகள் இருக்கின்றன.

கலிஃபோர்னியா அணிவதைத் தண்டிக்கிறது. வன்முறைக் குற்றத்தின்போது கவசம் போட்டிருந்தால், மூலக் குற்றத்துக்கான தண்டனைக்கு மேல் 1, 2 அல்லது 5 ஆண்டு சேரும். பாதுகாப்புக்காக வாங்கி வைத்திருப்பவர்களை இது தொடுவதில்லை.

மத்திய அரசு ஆளைப் பார்க்கிறது. வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் கவசம் வைத்திருந்தாலே 3 ஆண்டு வரை சிறை. 2002இல் வந்த இந்தச் சட்டத்துக்கு, கவசம் அணிந்தவனால் 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்ட போலீஸ்காரர் ஜேம்ஸ் குவெல்ஃபின் பெயரையும் சூட்டினார்கள்.

நியூயார்க் மாநிலத்திலும் அணிவதைத் தண்டிக்கும் சட்டம் முன்பே இருந்தது. ஆனாலும் 2022 மே 14 அன்று பஃபலோ நகரின் சூப்பர் மார்க்கெட்டில், கறுப்பினத்தவர் மீதான வெறியில் 18 வயது இளைஞன் 10 பேரைக் கொன்றான். அங்கே காவலுக்கு இருந்த ஓய்வுபெற்ற போலீஸ்காரர் அவனைச் சுட்டார். குண்டு கவசத்தில் பட்டு நின்றுவிட்டது. அவரும் உயிரிழந்தார். படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கிற இடம் இது.

அவன்மீது பழைய தண்டனை எதுவும் இல்லை, அதனால் மத்தியச் சட்டம் அவனுக்குக் குறுக்கே வரவே இல்லை. அவனுக்குக் கிடைத்தது வெளியே வரவே முடியாத ஆயுள் சிறை. அதற்கு மேல் 5 ஆண்டு கூட்டினால் என்ன, கூட்டாவிட்டால் என்ன? வடக்கு ஹாலிவுட்டில் தண்டிக்க ஆளே மிஞ்சவில்லை. கூடுதல் தண்டனை, உயிரோடு தப்பிக்க நினைக்கும் கொள்ளையனைத்தான் யோசிக்க வைக்கும். சாகத் துணிந்தவனிடம் அது செல்லாது.

அதனால்தான் நியூயார்க் விற்பனைக்கே தடை போட்டது. குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர்கள் மட்டும், அதுவும் நேரில்தான் வாங்கலாம். 2022 ஜூனில் வந்த முதல் வடிவம், அந்த இளைஞன் அணிந்திருந்த எஃகுத் தகட்டுக் கவசத்தையே விட்டுவிட்டது! அடுத்த மாதமே திருத்தினார்கள்.

உயிரைக் காப்பது என்று பார்த்தால், என் ஓட்டு நியூயார்க் வழிக்குத்தான். கலிஃபோர்னியா முறையும் கூடவே இருக்கட்டும், கொள்ளையர்களுக்கு அது வேண்டும். ஆனால் முன்னாள் கணவனின் கொலை மிரட்டலுக்குப் பயந்து வாழும் ஒரு பெண், தொழில் பட்டியலில் இல்லை என்பதற்காகக் கவசம் வாங்க முடியாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு பெற்றவர்களையாவது அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.