வாட்ஸ்அப்பில் விற்கும் ‘இயற்கை’ டிஷ்வாஷர் தூள்: காசு கொடுக்க முன் பாருங்கள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத் தொடர்மாடி வாட்ஸ்அப் குழுக்களில், டிஷ்வாஷர் எனும் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான தூள் ஒன்று விற்கப்படுகிறது. போத்தலில் பச்சை இலைப் படம், ‘நொதி (என்சைம்) கலந்தது, இரசாயனம் அற்றது’ என்ற வாசகம், திறந்தால் தேசிக்காய் வாசம். உற்பத்தியாளரின் முகவரி இல்லை, திகதி இல்லை, தொகுதி இலக்கமும் இல்லை. வாங்கியவர்கள் சொல்வது ஒன்றுதான்: கிளாஸ்களில் வெள்ளைப் படலம், சொதிச் சட்டியில் எண்ணெய்ப் பசை அப்படியே, கொஞ்ச நாளில் தூள் போத்தலுக்குள்ளேயே கல்லாகிவிடுகிறது. காசைக் கேட்டால் ‘திறந்த போத்தல் திருப்பி எடுப்பதில்லை’ என்று பதில் வரும்.

பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அப்பச்சோடா 2 பங்கு, சிட்ரிக் அமிலம் 1 பங்கு, உப்பு 1 பங்கு, வாசனை. இங்கேதான் ஏமாற்று. சோடா காரம், மற்றது அமிலம். தண்ணீர் பட்டதும் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். 100 கிராம் சிட்ரிக் அமிலம் ஏறக்குறைய 131 கிராம் அப்பச்சோடாவை முடித்துவிடும். ஆகவே 100 கிராம் தூளில் இருக்கும் 25 கிராம் அமிலம், 50 கிராம் சோடாவில் 33 கிராமை விழுங்கிவிடுகிறது. மிச்சம் 17 கிராம். ஒரு கழுவலுக்கு 20 கிராம் போட்டால், வேலை செய்யும் சோடா மூன்றரைக் கிராம்கூட இல்லை. அதுவும் அப்பச்சோடா, அதன் பிஎச் (காரத்தைக் காட்டும் அளவு) 8.3 அளவுதான். காய்ந்த தேங்காய்ப்பால் கொழுப்பைக் கழற்ற 10, 11 வரை போகும் சலவைச் சோடா வேண்டும். அமிலமும் சோடாவும் சேர்ந்து உருவாகும் சோடியம் சிட்ரேட், தண்ணீரைக் கடினமாக்கும் கல்சியத்தைப் பிடிக்கக்கூடியது, அதை மறுக்கவில்லை. ஆனால் கொழும்புக் குழாய்த் தண்ணீரில் பிடிக்க அவ்வளவு கல்சியம் இல்லை.

நுரைத்துப் பொங்குவதைக் காட்டி ‘வேலை செய்கிறது பாருங்கள்’ என்று வீடியோ போடுகிறார்கள். அந்தப் பொங்கல் கரியமிலவாயு வெளியேறுவது. கழுவும் சக்தியும் அதோடு வெளியேறுகிறது. நமது ஊர்க் காற்றின் ஈரத்துக்கு இந்த வேலை போத்தலுக்குள்ளேயே மெல்ல ஆரம்பித்துவிடும். தூள் கட்டிபடுவதும் மூடி உப்புவதும் அதனால்தான். கட்டியை உடைத்துப் போட்டால் தூள்பெட்டியில் பாதி கரையாமல் ஒட்டிக்கொள்ளும்.

முறைப்பாடு செய்தவர்களுக்கு விற்பவர் தரும் ஆலோசனைகள் இன்னும் மோசம். முதலாவது: ‘உங்கள் தண்ணீர் கடினம், இன்னும் கொஞ்சம் உப்புப் போடுங்கள்.’ களனி ஆற்றிலிருந்து எடுத்து அம்பத்தளையில் சுத்திகரிக்கும் நீரும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரும் கல்சியம் குறைந்த மென்னீர். இதையே யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீருக்குச் சொன்னால் பேச்சு வேறு; குழாய்க்கிணற்று நீரைக் கலக்கும் தொடர்மாடிகளுக்கும் வேறு. எப்படியானாலும் உப்புக்கு இயந்திரத்தின் அடியில் தனித் தொட்டி உண்டு. அங்கே அது மென்னீராக்கும் பிசினைப் புதுப்பிக்கிறது. பாத்திரங்களோடு சுற்றும் உப்பு எதையும் மென்மையாக்காது, கத்திகளில் துருப்புள்ளி போடும். அந்தத் தொட்டிக்கும் அயடின் சேர்த்த சமையல் உப்பு ஆகாது.

இரண்டாவது: ‘ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள்.’ கையால் பாத்திரம் கழுவுவதற்கான திரவம் நுரைக்கவென்றே செய்யப்படுவது. நுரையை இழுக்கும் பம்பு அழுத்தத்தை இழக்கும், தண்ணீர் தெளிக்கும் கைகள் சுற்றாது, நுரை கசிந்து அடித்தட்டில் நீராகத் தேங்கும். போஷ் இயந்திரமானால் ஈ15 என்ற கசிவுப் பிழையைக் காட்டி நின்றுவிடும். பூந்திக்கொட்டை, சீயாக்காய்த் திரவங்களுக்கும் இதே கதைதான். நுரைக்கு அவை இயற்கையா செயற்கையா என்று தெரியாது. அப்படி நடந்தால் மின்சாரத்தை நிறுத்துங்கள், தண்ணீர்க் குழாயைப் பூட்டுங்கள், நுரையைத் துணியால் அள்ளி எடுங்கள். அடித்தட்டில் தண்ணீர் இருந்தால் திருத்துபவரைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது: அலசல் திரவப் பெட்டிக்குள் வினாகிரி அல்லது அவர்களே விற்கும் ‘பயோ என்சைம்’. வெல்லம் 1, பழத்தோல் 3, தண்ணீர் 10 என்று மூன்று மாதம் புளிக்கவிட்ட அந்த நீர் பெரும்பாலும் நீர்த்த வினாகிரிதான். அமிலம் நாளெல்லாம் அந்தப் பெட்டிக்குள் கிடந்தால் இறப்பர் வளையங்கள் கெட்டுப்போகும். தண்ணீரைத் துளியாக நிற்கவிடாமல் வழியச் செய்வதே அலசல் திரவத்தின் வேலை. அதை வினாகிரியால் செய்ய முடியாது.

கையில் ஏற்கெனவே ஒரு போத்தல் இருந்தால் குசினியிலேயே சோதிக்கலாம். ஒரு தேக்கரண்டித் தூளில் சுடுநீர் விடுங்கள். உடனே பொங்கினால் அமிலமும் சோடாவும் ஒன்றாகக் கிடக்கின்றன. அடுத்தது மஞ்சள் சோதனை: வெள்ளைக் காகிதத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காயவிட்டு, குளிர்நீரில் கரைத்த தூளைத் தொட்டு வையுங்கள். சலவைச் சோடா போதியளவு இருந்தால் ஆரத்தித் தண்ணீரின் சிவப்பு வரும். வெறும் அப்பச்சோடா என்றால் மஞ்சளாகவே நிற்கும், மிஞ்சினால் இலேசான செம்மஞ்சள். நொதி இருக்கிறதா என்று பார்க்க, கெட்டியான அரிசிமாக் கஞ்சியை இரண்டு கிளாஸ்களில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒன்றில் மட்டும் தூளைக் கலந்து அரைமணி நேரம் வெதுவெதுப்பாக வையுங்கள். மாப்பொருளை உடைக்கும் நொதி இருந்தால் அந்தக் கஞ்சி தெளிவாகத் தெரியும்படி இளகும்.

வெள்ளைப் படலத்தையும் பிரித்துப் பாருங்கள். ஈரத்துணிக்குப் போனால் உப்பும் சோடாவும், தேசிக்காய்ச் சாற்றுக்குப் போனால் கல்சியம். எதற்கும் போகாமல் வெளிச்சத்தில் நிறம் நிறமாக மின்னினால் கண்ணாடியே அரிபட்டுவிட்டது, அதைச் சரிசெய்ய வழி இல்லை.

வீட்டில் செய்யத்தான் வேண்டும் என்றால், அமிலம் கலக்காமல் செய்யுங்கள். ஒரு கழுவலுக்குச் சலவைச் சோடா 10 கிராம், கறை வெளுக்கும் சோடியம் பெர்காபனேற் 5 கிராம், சூடு 55 முதல் 65 பாகை. சலவைச் சோடா கிடைக்காவிட்டால் அப்பச்சோடாவைத் தட்டில் பரப்பி 200 பாகை அவனில் ஒரு மணி நேரம் வையுங்கள். 100 கிராம் 63 கிராமாகக் குறைந்தால் மாற்றம் முடிந்துவிட்டது. அளவைக் கூட்டாதீர்கள். மென்னீரில் கூடிய காரமும் சூடும் சேர்ந்தால்தான் கண்ணாடி அரிபடும். கடினநீர் நாடுகளின் சமையற்குறிப்பு அளவுகளை இங்கே அப்படியே போடுவது அதனால்தான் ஆபத்து. அலுமினியச் சட்டியும் கறுத்துப்போகும், கையால் கழுவுங்கள். இதில் நொதி இல்லை, ஆகவே இடியப்ப மாவும் பருப்பும் காய்ந்த கோப்பைகளை முதலில் ஊறவைக்க வேண்டும். அலசல் திரவத்தைக் கடையில் வாங்குவதே மேல். பெர்காபனேற்றை ஈரம் படாத இடத்தில், காற்றுப் போகும் மூடியோடு வையுங்கள். அது ஒட்சிசனை விடும், இறுக்கி மூடிய போத்தல் வெடிக்கலாம்.

காசை இழந்தவர்கள் போத்தல், பணம் அனுப்பிய சான்று, வாட்ஸ்அப் உரையாடலின் படங்கள் எதையும் அழிக்க வேண்டாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். முகவரியும் திகதியும் இல்லாத லேபிளை முன்னும் பின்னும் தெளிவாகப் படமெடுத்து அதோடு இணையுங்கள்.